கழித்தபின் மிஞ்சியது

கோடு நேராக இல்லை.

அர்ஜுனன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கணினித் திரையை மறுபடி பார்த்தான். ஒலிபெருக்கி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் சத்தம் புகாத சோதனை அறை அவன் பொறுப்பு. காலி அறைக்குள் ஒரே ஒலியை நேற்று ஒருமுறை, இன்று காலை ஒருமுறை ஓடவிட்டுப் பதிவு செய்திருந்தான். ஒரு பதிவைத் தலைகீழாகத் திருப்பி மற்றதோடு கூட்டினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நேர்கோடுதான் மிஞ்ச வேண்டும். மிஞ்சியதோ சின்னச் சின்னப் புடைப்புகள். நான்கு விநாடிக்கு ஒன்று.

1997 தைப்பூசம். எல்லாரும் தண்ணீர்மலைக் கோவிலுக்குப் போயிருக்க, அவன் மட்டும் கேட்டு வாங்கி வேலைக்கு வந்திருந்தான். நண்பகல் வெயிலில் தகரக் கூரை முறுக்கிக்கொண்டு சடசடக்க, ஓய்ந்து கிடந்த இயந்திரங்களுக்கிடையிலிருந்து உருகிய ஈயத்தின் வாடையும், அதனூடே எங்கிருந்தோ கோடாலித் தைல வாசமும் வந்துகொண்டிருந்தன.

ஹெட்போனை மாட்டி, மிஞ்சியதைப் பெரிதாக்கிக் கேட்டான்.

மூச்சு. இழுத்து, சிக்கி, விசிலடித்து வெளியேறும் மூச்சு.

அவனுக்கு உதவியாளாக இருந்த தனலெட்சுமிக்கு மூச்சிழுப்பு உண்டு; நெஞ்சில் எப்போதும் கோடாலித் தைலம் தடவியிருப்பாள். ஏழு மாதத்துக்கு முன் மைக்கை மாற்ற அந்த அறைக்குள் போனாள். மாற்றச் சொன்னவன் அவன்தான். அவள் உள்ளே இருப்பதை மறந்து, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனான். திரும்பி வர இரண்டு மணி நேரம். திறந்தபோது கதவோரம் சரிந்து கிடந்தாள்.

“அவளா உள்ள போய்ப் படுத்திருக்கா பாஸ். கதவு சும்மாதான் சாத்தியிருந்துச்சு” என்று அர்ஜுனன் மேலாளர் அலாவுதீனிடம் சொன்னான்.

தனலெட்சுமியின் ஊரான கெப்பாலா பத்தாஸில், சாவு வீட்டில், அவளுடைய அம்மா குணவதி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “வேலை நேரத்துல தூங்கிட்டாளாமே தம்பி. மனசுல வச்சுக்காதீங்க.”

அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை நினைக்கும்போதெல்லாம் உடம்பு கூசியது.

எழுந்து அறையைத் திறந்து பார்த்தான். யாருமில்லை. மறுபடி பதிவு செய்தான். மறுபடி கழித்தான்.

மூன்று விநாடிக்கு ஒன்று.

மறுபடி.

இரண்டு.

அதற்கு மேல் கேட்க அவனால் முடியவில்லை. தொலைபேசியை எடுத்துக் கெப்பாலா பத்தாஸுக்கு அழைத்தான். துக்க வருஷம், குணவதி கோவிலுக்குப் போயிருக்க மாட்டாள்.

“ஹலோ, யாரு பேசறது?”

‘அம்மா, நான் அர்ஜுனன். அன்னைக்குக் கதவப் பூட்டினது நான்தான்மா.’

தொண்டை அதிர்ந்தது. நாக்கு புரண்டது. சத்தம் வரவில்லை.

“ஹலோ? லைன் சரியில்லலா.”

கத்தினான். நரம்பு புடைக்கக் கத்தினான். ஒவ்வொரு சொல்லும் உதட்டிலேயே அழிந்தது, அதே கணத்தில் வேறு யாரோ அதைத் தலைகீழாகச் சொல்வதுபோல.

மறுமுனையில் குணவதி எதையோ கூர்ந்து கேட்டாள்.

“தனமா?”

ரிசீவரைக் காதோடு அழுத்தினான்.

“தனம், ஏம்மா இப்படி இழுக்குது? இழுப்புக்கு அடிக்கிற பம்ப்ப எங்க வச்ச?”

அந்த மூச்சு இப்போது அவனுக்கும் கேட்டது. ஹெட்போனில் இல்லை. அறையிலும் இல்லை.

“எங்கம்மா இருக்க? சொல்லும்மா, அம்மா வர்றேன்.”

கையால் வாயைப் பொத்தினான். உதடுகள் இறுக மூடியிருந்தன. நெஞ்சு அசையவில்லை. விரலிடுக்கு வழியே, சிக்கிச் சிக்கி, தனலெட்சுமி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.