நீலம் போகாத இரவு

"என் புருஷன் செத்து மூணு மாசம் ஆகுது சார். இப்போ தினம் ராத்திரி வந்து நீலத்தைக் குடிச்சிட்டுப் போறாராம்" என்றாள் வந்தவள், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

தேநீர் குடித்துக்கொண்டிருந்த மச்சானுக்குப் புரையேறியது. அவனுக்குப் பேய்மேல் நம்பிக்கை கிடையாது; பயம் மட்டும்தான் உண்டு. அவனுடைய அக்காள் புருஷரான வாத்தியாரோ, கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றபின் ஊரார் சிக்கல்களை அவிழ்த்துக்கொண்டிருப்பவர். இடியே விழுந்தாலும் நிதானமாகத்தான் நிமிர்ந்து பார்ப்பார். "குடிக்கறார்னு யாரும்மா சொன்னது?"

"எங்க வாட்ச்மேன்."

அவள் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். கரைப்பானை ஈரமறக் காய்ச்சி வடிக்கும் கண்ணாடிக் கருவியைப் அங்கேயே வேலை பார்த்த புருஷன் தன் கையாலேயே செய்து வைத்திருந்தார். அதற்குள் சாயங்காலம் மை போல நீலம். காலையில் வெறும் தண்ணீர்போல் வெளுப்பு. அறைச் சாவியோ அவள் பையில்.

"சனிக்கிழமைக்குள்ள காரணம் தெரியலன்னா கழட்டி எறிஞ்சிடுவேன்னு மேனேஜர் சொல்லிட்டார். என் புருஷன் ஞாபகமா எனக்கு இருக்கறது அது ஒண்ணுதான் சார்."

"ஒருநாள்கூட நீலம் தங்கலையா?"

"போன வியாழக்கிழமை ராத்திரி தங்கிச்சு. வழக்கத்தைவிட அடர்த்தியா."

மறுநாள் காலை மூவரும் ஆய்வுக்கூடத்தில் நின்றார்கள். ஜன்னல்கள் ஆணியடித்தவை. வெளுத்த குடுவை, கண் தெரியாதவரின் கண்போல் மச்சானையே பார்த்தது.

"அத்தான், கழுத்துக்குப் பின்னால யாரோ மூச்சு விடறாங்க."

"நான்தான்டா. தள்ளி நில்லு. இந்த நீலம் என்ன தெரியுமா? உள்ளே கிடக்கற சோடியம் ஒரு எலெக்ட்ரானைத் தூக்கிக் கொடுக்கும். வாங்கின மூலக்கூறு, ஜோடியில்லாத அந்த எலெக்ட்ரானோட தவிச்சு நிக்கும். தொடக்கத்துலயும் இருக்காது, முடிவுலயும் இருக்காது. நடுவுல மட்டும் வாழற பிறவி. காற்று பட்டா உடனே போயிடும்."

"பூட்டின அறைக்குள்ள காற்று எப்படி வரும்?"

வாத்தியார் குடுவையிலிருந்து சுவரைத் துளைத்துச் சென்ற ரப்பர் குழாயைப் பின்தொடர்ந்து வெளியே நடந்தார். நடைபாதையில், குடுவைக்குள் காற்றை அண்டவிடாமல் காக்கும் நைட்ரஜன் சிலிண்டர் நின்றது. குழாயின் இந்த முனையில் கறுப்பாக டயர் மசி படிந்த விரல் தடங்கள். முற்றத்தில் வாட்ச்மேனின் பைக், டயர்கள் கல்லுப்போல விறைத்து நின்றது.

வாட்ச்மேனைக் கூப்பிட்டார். "போன வியாழக்கிழமை ராத்திரி லீவா?"

"ஆமாங்க. மாமியாரைப் பார்க்கப் போயிருந்தேன்."

"அதான் அன்னிக்கு மட்டும் நீலம் பிழைச்சுது. சாயங்காலம் அடுப்பை அணைச்சதும் குடுவை ஆறி, குழாய் வழியா மூச்சை உள்ளே இழுக்கும். அந்த நேரம் பார்த்து நீ குழாயைக் கழட்டி டயருக்கு ஓசிக் காத்து பிடிச்சே. நைட்ரஜனுக்குப் பதிலா வெளிக்காற்று போச்சு. பழியைச் செத்தவர்மேல போட்டே."

மச்சான் கைதட்டினான். இவ்வளவு நேரமும் தான் பயப்படவேயில்லை என்பதுபோல நெஞ்சை நிமிர்த்தினான்.

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தான். "காத்து பிடிச்சது நெசம்தாங்க. ஆனா வியாழக்கிழமையும் பிடிச்சேன். தூரப் பயணமாச்சே. அம்மா கிளம்பினதும் கழட்டினேன். அவசரத்துல சிலிண்டரை மட்டும் மூடிட்டுக் குழாயை மாட்டாமலே போயிட்டேன். விடிஞ்சு வந்துதான் மாட்டினேன்."

மச்சானின் கைகள் பாதித் தட்டலில் நின்றன.

"அப்போ ராத்திரி முழுக்கக் குழாய் திறந்து கிடந்துச்சா?" என்றாள் அவள். அவள் குரல் யாரையும் கேட்பதுபோல் இல்லை. "வெள்ளிக்கிழமை காலையில, அறைக்குள்ள குழாயை அடைக்கற உள்பக்கத் திருகு மூடியிருந்துது சார். நான் மறந்துட்டேன்னு நினைச்சேன். நான் அதை மூடறதே கிடையாது. வீட்டுக்குக் கிளம்பும்போது அவர்தான் மூடுவார்."

நடுவில் என்ன நடந்தது என்று ஆயுள் முழுக்கக் கேட்டுவந்த வாத்தியார், அன்று கேட்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மேனேஜர்கிட்ட நான் சொல்லிக்கறேன். காரணம் கிடைச்சாச்சு, டயர்தான். கழட்ட வேண்டாம்."

மாலையில் நீலம் திரும்பியிருந்தது. அவள் அடுப்பை அணைத்தாள். உள்பக்கத் திருகின்மேல் விரலை வைத்தாள், பிறகு எடுத்துக்கொண்டாள். அதைத் திறந்தபடியே விட்டுவிட்டு, வெளியே வந்து கதவைப் பூட்டினாள்.