ரோப்புக்குள் ஓடிய திரி

கிரீஸ் எரிந்தால் கரும்புகை வரும், தொண்டை கமறும். இரும்படிக்கும் காசிமாயனுக்கு அது இருபது வருஷப் பழக்கம். ஆனால் அன்று உலையில் வைத்த ஸ்டீல் ரோப்பிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. தகரக் கூரையில் மழை சடசடத்துக்கொண்டிருக்க, ஈரக்கரியின் வாசத்துக்கும் பக்கத்துச் சாயப்பட்டறையின் நெடிக்கும் ஊடே அந்தப் புகையில் தேங்காயெண்ணெய் மணத்தது. தலையில் தேய்த்து, வெயிலில் காய்ந்த எண்ணெயின் மணம்.

இடுக்கியால் ரோப்பை வெளியே இழுத்துத் திருப்பிப் பார்த்தான். வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லை. மறுபடி கரிக்குள் திணித்தான். காலையிலிருந்தே அவனுக்கு உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. காரணம் குணா.

குணா வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். காலையில் காரில் வந்து, கட்டைவிரலைவிடத் தடித்த ரோப்புத் துண்டு ஒன்றைப் பட்டறையில் போட்டான். துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருத்தருக்குக் கத்தி என்றால் உயிராம். ரோப்பை வெள்ளையாகக் காய்ச்சி அடித்து ஒரே இரும்பாக ஒட்டவைத்தால், கம்பிகளின் நெளிவு அலை அலையாகத் தெரியுமே, அப்படி ஒரு கத்தியை முதலாளி பரிசு கொடுக்க ஆசைப்படுகிறாராம். கத்திக்கான பட்டை மட்டும் அடித்துக் கொடுத்தால் போதும், பிடியும் கூரும் வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறோம், குடோனில் சும்மா கிடந்த ரோப்தானுங்க என்றான்.

இவ்வளவையும் காசிமாயனின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான். குணாவுக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன், அதே கம்பெனியின் சரக்கு லிஃப்டில்தான் காசிமாயனின் மனைவி முத்துப்பேச்சி செத்தாள். ரோப் அறுந்து மூன்றாம் மாடியிலிருந்து லிஃப்ட் விழுந்தது என்று கூட வேலை செய்த பெண்கள் காதோடு சொன்னார்கள். லிஃப்ட் விழவேயில்லை, அவளாகக் கதவைத் திறந்து குழிக்குள் விழுந்தாள், ரோப் நன்றாகத்தான் இருக்கிறது என்று போலீசில் எழுதிக் கொடுத்தவன் இந்தக் குணா. ஸ்டேஷன் வாசலில் அவன் காலில் விழாத குறையாகக் காசிமாயன் கெஞ்சியிருக்கிறான். அந்த முகம்கூடவா மறந்துபோகும்? அப்படிப்பட்டவனிடம், "சரிங்க சார், சாயங்காலம் வாங்க" என்று சொன்னதே தன் வாய்தான் என்று நினைக்க நினைக்கக் காசிமாயனுக்குத் தன்மீதே வெறுப்பாக இருந்தது.

கிரீஸ் முழுக்க எரிந்த பிறகுதான் ரோப்பின் முனைகள் தெளிந்தன. ஒரு முனை கேஸ் கட்டரில் வெட்டியது. மற்றது வெட்டியதல்ல. துருவேறிய கம்பிகள் தேய்ந்து, இழுபட்டு, பழைய துடைப்பம் மாதிரி பிரிந்து நின்றன. பாரம் தாங்காமல் அறுந்த முனை.

அந்தக் கம்பெனியில் இருப்பது ஒரே லிஃப்ட்.

இதை இப்படியே கொண்டுபோய் வக்கீலிடம் கொடுக்க வேண்டும் என்றுதான் காசிமாயன் முதலில் நினைத்தான். ரோப்பை ஆற வைத்தான். அப்போதுதான், பிரிந்த கம்பிகளுக்கு நடுவே அந்தத் திரியைப் பார்த்தான்.

இந்த மாதிரி ரோப்பின் நடுவில் சணல் திரி ஓடும். உலையில் வைத்தால் முதலில் சாம்பலாவது அதுதான். இது சாம்பலாகவில்லை. இடுக்கியால் நுனியைப் பிடித்து இழுத்தான். கறுப்பாக, வழுவழுப்பாக வந்தது. ஒரு முழம். இரண்டு முழம். ரோப்பின் நீளமே இரண்டு முழம்தான். இன்னும் வந்துகொண்டிருந்தது.

சணல் இல்லை. முடி.

இடுக்கியைக் கீழே போட்டான். மழைச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. பிணவறையில் கடைசியாக அவள் தலையைத் தூக்கிப் பிடித்தபோது உள்ளங்கையில் குத்திய மொட்டைப் பிடரி நினைவுக்கு வந்தது. இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி அவளுக்கு. யார் வெட்டியது, எதற்கு வெட்டியது என்று எல்லோரிடமும் கேட்டான். குணாவிடமும் கேட்டான். தெரியலீங்க என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

வக்கீல், வாய்தா, மறுபடி வாய்தா. காசிமாயனுக்கு மண்டைக்குள் ஏதோ அறுந்தது. அந்த ரோப்பை முடியோடு சேர்த்து உலைக்குள் தள்ளினான். இரும்பை ஒட்டவைக்கும் வெங்காரத்தை அள்ளித் தூவினான். ரோப் மஞ்சளாகி, வெள்ளையாகி, பொறி கக்கியதும் பட்டடைக்கல்லில் போட்டு அடித்தான். குணாவின் கையில் கொடுக்க வேண்டும். அவன் தொட வேண்டும். அடிக்க அடிக்க இரும்பு இளகியது. இரும்பு மாதிரி அல்ல. சதை மாதிரி. ஒவ்வொரு அடிக்கும் உள்ளிருந்து சூடாக ஒரு மூச்சு வந்து அவன் முழங்கையில் பட்டது. பயந்தான். நிறுத்தவில்லை.

மாலையில் பட்டையை ஆற்றி, தேய்த்து, ஆசிடில் முக்கி எடுத்தான். அலை எதுவும் தெரியவில்லை. நுனிவரை இறுக்கிப் பின்னிய ஒரு சடை தெரிந்தது.

குணா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தான். கரண்ட் போயிருந்தது. உலை வெளிச்சம் மட்டும்.

"முடிஞ்சுதுங்களா?"

காசிமாயன் பட்டையை நீட்டவில்லை. "முத்துப்பேச்சி முடிய யாரு சார் வெட்டுனது?"

குணா கொஞ்ச நேரம் யோசித்தான். உண்மையிலேயே யோசித்தான். "யாருங்க அது?"

காசிமாயன் பட்டையை அவன் கையில் வைத்தான்.

குணா அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தான். நல்லா வந்திருக்குதுங்க என்றான். கீழே வைக்கப் போனான். முடியவில்லை. விரலை விரித்தான். விரியவில்லை. பட்டையின் முனையிலிருந்து கறுப்பாக ஒரு இழை இறங்கி அவன் மணிக்கட்டைச் சுற்றியது. இன்னொன்று. பிறகு கற்றை கற்றையாக.

"வெட்டி உடுங்க," என்றான் குணா. "ஏனுங்க, வெட்டி உடுங்க."

காசிமாயன் கத்தரிக்கோலைத் தேடவில்லை. அவனால் நகரவும் முடியவில்லை.

கரண்ட் இல்லாமலே உலையை ஊதும் காற்றாடி சுற்றத் தொடங்கியது. கரி வெளுத்தது. முடி குணாவின் கையை உலைக்கு இழுத்தது. முழங்கைவரை. அவன் வாய் திறந்தே இருந்தது. சத்தம் வரவில்லை. உலையைவிட்டு வெளியே வந்தபோது பட்டையும் கையும் ஒரே வெள்ளையாக இருந்தன. எது இரும்பு, எது விரல், தெரியவில்லை. முடி அதைப் பட்டடைக்கல்லின் நடுவில் பாங்காகக் கிடத்தியது.

காசிமாயன் தன் வலது கையைப் பார்த்தான். சுத்தியல் அதில்தான் இருந்தது. எப்போது எடுத்தான்? விரல்களைச் சுற்றி முடி, கறுப்பாக, இறுக்கமாக, எண்ணெய் மணக்க.

கை தலைக்கு மேலே போய் நின்றது.