நவம்பர் இருபதின் மூன்று வரிகள்

1958 மே. புதன் காலை 10.15. தெட்டர்பி நகரின் பழைய ஏலக்கூடத்தில், 1909-இல் பாவிய தளப்பலகைகளைப் பெயர்த்த தச்சர்கள் கறுத்துப்போன வெள்ளிக் கிண்ணம் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். ஆலயத்தில் களவுபோன திருவிருந்துக் கிண்ணம் அது. 1908 நவம்பர் 12, வியாழன் மாலை ஏழுக்குப் போதகர் அதைப் பார்த்தார். ஒன்பதுக்கு அது இல்லை. சாவி வைத்திருந்த ஆலயக் காவலர் ஏமஸ் காவுட் அம்மாதமே சிறை புகுந்தார், ஆண்டு முடியுமுன் அங்கேயே இறந்தார்.

11.40. ‘தெட்டர்பி வாரச்செய்தி’ அலுவலகம். பத்திரிகையின் நூற்றாண்டு வரலாற்றை எழுதி முடித்திருந்த எடித் வார்லியின் முன் ஏமஸின் மகள் ரூத் நின்றார்.

"எங்கப்பாவைத் திருடன்னு மறுபடியும் அச்சடிக்கப் போறீங்களாமே?"

"நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் நேரம் இருக்கு, ரூத்தம்மா. அப்புறம் பத்திரிகை ஆறே முக்கால் ரயில்ல ஏறிடும். நூறு வருஷமா அதே ரயில்தான்."

"அந்த ரயிலுக்கு இருக்கற மரியாதைகூட எங்கப்பாவுக்கு இல்ல. பாடகர் குழுத் தலைவர்கிட்டயும்தான் ஆலயச் சாவி இருந்துச்சு. அவரை யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

2.30. அந்தத் தலைவரே ஏலக்கூடத்தின் உரிமையாளர், நகர்மன்ற மூத்த உறுப்பினர் கார்த்வெய்ட். தேடி வந்த எடித்தின் எதிரே தேநீர்க் கோப்பையை நிதானமாக வைத்தார்.

"ஏமஸ்தான் என் கூடத்தையும் பெருக்கினான். அவனே ஒளிச்சிருப்பான்."

"அன்னிக்கு ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவுல நீங்க எங்க இருந்தீங்க, ஐயா?"

"கச்சேரியில பாடிட்டு இருந்தேன். உன் பத்திரிகையிலேயே இருக்கு. போய்ப் படி, பொண்ணே."

படித்தாள். நவம்பர் 13, வெள்ளி இதழ்: ‘நேற்று மாலைக் கச்சேரியில் திரு. கார்த்வெய்ட்டின் கம்பீரக் குரல் அவையைக் கட்டிப்போட்டது.’ பிறகு அடுத்த வாரத்து, நவம்பர் 20 இதழைப் புரட்டினாள்.

வியாழன் காலை 9.00. ஆலயம். ரூத்தின் கையில் கிண்ணம், எதிரே கார்த்வெய்ட். பேசியது எடித்.

"தளம் போட்டப்போ ஏமஸ் உயிரோடயே இல்ல. பலகைக்கு அடியில வெச்சது வேற கை."

"நான்தான் பாடினேனே!"

"கச்சேரி ஏழரைக்கு. வெள்ளி இதழ் அன்னிக்கு ஆறே முக்காலுக்கே ரயிலேறிடுச்சு. நிருபர் நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, நடந்து முடிஞ்ச மாதிரி எழுதிட்டாரு. நாங்க இன்னிக்கும் பண்ற தப்புதான். அடுத்த வாரம் மாட்டுச்சந்தை விலைக்குக் கீழே மூணு வரித் திருத்தம் இருக்கு: ‘தொண்டை கட்டியமையால் திரு. கார்த்வெய்ட் வரவில்லை. அவருக்குப் பதிலாகப் பள்ளி ஆசிரியர் பாடினார். வருந்துகிறோம்.’ எடுத்தது நீங்கதான், ஐயா."

கிழவரின் தலை தாழ்ந்தது.

"விக்கவும் துணிவு வரல. திருப்பி வைக்கவும் துணிவு வரல."

ரூத் அவரைப் பார்க்கவில்லை. எடித்திடம் கேட்டார்: "எங்கப்பாவையும் மாட்டு விலைக்குக் கீழதான் போடுவீங்களா?"

மாலை 6.00. நூறாண்டாக விளம்பரங்களுக்கே உரியதாயிருந்த முதல் பக்கத்தை எடித் வெறுமையாக்கினாள். ஆறே முக்கால் ரயில் அன்று ஊர்தோறும் சுமந்து சென்ற அப்பக்கத்தின் தலைப்பில், பெரிய எழுத்தில் இரண்டே செய்திகள்: ஒரு பெயர், அவர் குற்றமற்றவர் என்பது.