மலைமுகட்டில் நின்ற மேகம்

காற்றை அளக்கும் கிண்ணங்கள் சுற்றுவதை நிறுத்தி வெகுநேரமாகியும், பக்கத்திலிருந்த காற்றுத் திசைகாட்டி மட்டும், யாரோ கூப்பிட்டுத் தலையைத் திருப்புவதுபோல, மெல்ல மெல்ல மலைப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்ததை அவள் பள்ளத்தாக்கு வானிலை நிலையத்தின் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். காலையிலிருந்து கூரைத் தகரத்தைப் பிய்த்தெடுத்த காற்று, இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்ட குழந்தையாய் அடங்கிக் கிடந்தது. அறையெங்கும் ஈரக் கம்பளியும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை. மலைமுகட்டுக்கு மேலே, தட்டைக் கவிழ்த்தாற்போல ஒரு மேகம் நகராமல் நின்றது.

அந்த மேகத்தை அவளுக்குத் தெரியும். முகட்டைத் தாண்டும் காற்று கடலலைபோல விழுந்தெழும். அலையின் அடியில் ஒரு சுழல் உருளும். அது வந்து இறங்குமுன் பள்ளத்தாக்கு இப்படித்தான் சாதுவாக நடிக்கும். கிண்ணங்களை நம்பாதே, திசைகாட்டியைப் பார் என்பது இந்த வேலையின் பாலபாடம்.

போன வருஷம் அதைத்தான் மறந்தாள். காலையில் கணவனோடு ஒன்றுக்கும் உதவாத சண்டை. அவன் காற்றளக்க முகட்டுக் குடிசைக்குப் போய்விட்டான். சீக்கிரம் வந்தால் சமாதானமாகிவிடலாம் என்ற அவசரத்தில், நின்ற கிண்ணங்களை மட்டும் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் சொன்னாள்: "காத்து நின்னுடுச்சு. இறங்கி வாங்க."

பாதி வழியில் சுழல் அவனை அள்ளிக்கொண்டது. உடம்புகூடக் கிடைக்கவில்லை. மாமியார் அழவில்லை, என் பிள்ளையை வாயாலேயே கொன்றுவிட்டாள் என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அதில் பொய் ஒன்றுமில்லை என்பதுதான் கசப்பு.

இன்று மேலே இருப்பது கொழுந்தன். அண்ணன் வேலையை நான்தான் பார்ப்பேன் என்று பிடிவாதமாக வந்தவன். அந்த வீட்டில் அவளோடு முகங்கொடுத்துப் பேசும் ஒரே ஆள். "சமையல் உங்களுது, மலை என்னுது. எது ஆபத்துன்னு ஊருக்கே தெரியும் அண்ணி" என்று காலையில்தான் கேலி செய்துவிட்டுப் போனான்.

முகட்டுக்குப் போகும் தொலைபேசியை எடுத்தாள்.

"தம்பி, இறங்கிடாதே. சுழல் வருது. கதவைத் தாழ் போட்டுக்கோ."

"இப்பத்தானே அண்ணி இறங்கச் சொன்னீங்க? பையெல்லாம் கட்டிட்டேன்."

"நான் பேசவே இல்லை."

"உங்க குரல்தான். அதோட..." அவன் குரல் தணிந்தது. "வாசல்ல அண்ணன் நிக்கிறார். என்னைக் கூட்டிட்டு வரச்சொல்லி நீங்கதான் அனுப்பினீங்களாம்."

"போகாதே."

ரிசீவரை மேஜையில் வைக்கும் சத்தம். கதவின் கிறீச்சு.

ரிசீவரைக் காதோடு இடுக்கிக்கொண்டு, தொலைநோக்கியை முகட்டுக்குத் திருப்பினாள். குடிசை. திறந்த கதவு. பாதை. முன்னால் நடப்பவன் மேல் அவள் கணவனுக்குப் பின்னிக்கொடுத்த நீலக் கம்பளிச் சட்டை. பின்னால் கொழுந்தன்.

கொழுந்தன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். ரிசீவரிலிருந்து பதில் வந்தது. பொறுமையாக. பிரியமாக. அவளுடைய குரலிலேயே.

"காத்து நின்னுடுச்சு. இறங்கி வாங்க."

பாதை வளைந்தது. அவர்கள் வளையவில்லை. நேராக நடந்தார்கள். விழவில்லை. மேகத்தின் அடியில், வெறும் காற்றில், ஒருவர் பின் ஒருவராக, பள்ளத்தாக்கை நோக்கி.

வெளியே கிண்ணங்கள் அசையவில்லை. திசைகாட்டி மட்டும் மெல்லத் திரும்பி, அவள் ஜன்னலைக் காட்டி நின்றது.