சர் எட்மண்டின் மேசை

1998 நவம்பரில், என் மகள் கயல் விமான நிலையத்திலிருந்து என்னைக் காரில் அமெரிக்காவின் பிரிட்ஜ்வாட்டரிலுள்ள தன் வீட்டுக்கு அழைத்து வந்தாள். வாசலில் காரை நிறுத்தியதும் என் பக்கம் திரும்பினாள்.

“அப்பா, அவருக்கு உங்களை அடையாளம் தெரியலைன்னா மனசு கஷ்டப்படாதீங்க.”

“மாப்பிள்ளைக்கு உடம்புக்கு என்னம்மா?”

“டாக்டர் எல்லா டெஸ்ட்டும் பண்ணிட்டார். ஒண்ணும் இல்லைங்கறார். எல்லாம் அந்த டெஸ்க் வந்த பின்னாடிதான்.”

இறந்தவர் ஒருவருடைய வீட்டுச் சாமான்களை விற்றபோது, மாப்பிள்ளை ரஞ்சித்குமார் ஆசைப்பட்டு வாங்கிய ஓக் மேசை அது. இங்கிலாந்திலிருந்து வந்ததாம்.

பகல் இரண்டு மணி. ஆயினும் அந்த அறைக்குள் வெளிச்சம் நுழையத் தயங்கியது. நனைந்த கம்பளியும் உருகிய மெழுகும் கலந்த வாசனை. தாளின்மீது இறகுப் பேனா கீறும் ஓசை.

மாப்பிள்ளையின் கையில் இருந்ததோ சாதாரணப் பால்பாயின்ட் பேனா.

அவர் நிமிர்ந்தார். தமிழைத் தவிர வேறெதிலும் என்னோடு பேசியறியாதவர், பழங்கால ஆங்கிலத்தில் கேட்டார்: “நீ எந்தக் குடிசைக்காரன்? இன்னுமா காலி செய்யவில்லை?”

கயல் என் முதுகுக்குப் பின்னால் விசும்பினாள்.

மேசையின் இழுப்பறையில் ஒரு சிறு நூல் கிடந்தது: மேசைக்குரியவரின் வாழ்க்கை வரலாறு. சர் எட்மண்ட் ஹால்காட், நான்கு கிராமங்களுக்குச் சொந்தக்காரர். பட்டம் பரம்பரையாக வந்தது. நிலமற்றவனுக்கு நாட்டில் குரல் இல்லை என்று அரசியல் நூல்கள் எழுதிக் குவித்தவர். மான்கள் மேயப் பூங்கா வேண்டுமென்று, ஒரு பனிக்காலத்தில் நாற்பது குடும்பங்களை வெளியேற்றினார். அவர்களுள் பலர் சாலையிலேயே விறைத்து மாண்டனர். அதன்பின் அந்த வட்டாரத்தில் எவரும் அவரைத் தம் வீட்டுக்கு ‘வாருங்கள்’ என்று அழைக்கவில்லை. இருபத்தோராண்டுகள் இந்த மேசையில் தனியே எழுதி, இதன்மேலேயே கவிழ்ந்து இறந்தார்.

மான்களையெல்லாம் காட்டைவிட்டுத் துரத்திய சிங்கம், பிறகு தன் கர்ஜனையைக் கேட்க யாருமின்றிக் கிணற்றை எட்டிப் பார்த்து அழுததாக, பள்ளி ஆசிரியராக இருந்த நாட்களில் வகுப்பில் ஒரு கதை சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை, பழைய சாமான் கடையிலிருந்து இரண்டு ஆட்கள் ட்ரக்கோடு வந்தார்கள்.

“சீக்கிரம் தூக்கச் சொல்லுங்கப்பா,” என்று கயல் கிசுகிசுத்தாள்.

மேசை நிலைப்படியைத் தாண்டியது. சோபாவில் மரம்போல் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை கண்களைக் கசக்கினார்.

“மாமா! எப்ப வந்தீங்க? என்ன இப்படி இளைச்சுட்டீங்க, ப்ளைட்ல சோறே போடலையா?”

“இளைச்சது நீங்கதான்! கண்ணாடியில போய்ப் பாருங்க,” என்று கயல் அழுதுகொண்டே சிரித்தாள்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாசலுக்கு ஓடினேன். ட்ரக்கின் கதவைச் சாத்திய ஆள் கையசைத்தான். வாசல்வரை வந்து விடைபெறுகிறவரை வெறுமனே ‘போங்கள்’ என்று அனுப்ப நமக்கு நாக்கு எழாது. அறுபத்தேழு வயதுவரை சொன்னதையே மனமாரச் சொன்னேன்.

“போயிட்டு வாங்க!”

அந்த ஆளுக்குத் தமிழ் தெரியாது. சிரித்துவிட்டு வண்டியில் ஏறினான்.

ட்ரக் தெருமுனையில் திரும்பியது.

புல்தரையில் உறைபனி வெள்ளையாய்ப் படிந்திருந்தது. அதில் ஒரு காலடி அழுந்தியது.

பிறகு இன்னொன்று. வீட்டை நோக்கி.

நனைந்த கம்பளியின் வாசனை என் தோளை உரசி உள்ளே போயிற்று.

“அப்பா, கதவைச் சாத்துங்க, குளிருது. சாப்பிட வாங்க!”

கயலின் குரலில் அத்தனை மகிழ்ச்சி. என்ன சொல்வேன்? போய் உட்கார்ந்தேன். அவள் மாப்பிள்ளைக்குத் தயிர்சாதம் பரிமாறினாள். அவர் அதை உண்ணவில்லை. தட்டு முழுவதும் தாளைப்போலச் சமமாகப் பரப்பினார்.

ஆள்காட்டி விரல் அசையத் தொடங்கியது.

சோறு குழைவானது. ஆனாலும் இறகு கீறும் ஓசை கேட்டது.

சாய்வான பழைய ஆங்கில எழுத்தில் ஒரே வரி:

‘அழைத்ததற்கு நன்றி.’