ஆந்தை மாமா காத்திருக்கிறார்

பழைய வீடியோ டெக்கின் மேல்மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, இற்றுப்போன ரப்பர் பெல்ட்டை விரலில் மாட்டி ஆட்டிக் காட்டினான் தம்பி.

"இது இல்லாம கே... கேசட் சுத்தாது அக்கா. ஒண்ணு வாங்கிட்டு வந்துடறேன். வந்து ஆந்தை மாமாவைப் பாப்போம். நீ த... தனியா போட்டுடாதே."

"பாக்கறது இருக்கட்டும். இந்தத் தடவையாவது பதில் சொல்லிடுவியா?"

"அது எ... எனக்காக என்னிக்குக் காத்திருந்துச்சு?" சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினான்.

ஆந்தை மாமா, சின்ன வயதில் உள்ளூர் சேனலில் வாராவாரம் வந்த நிகழ்ச்சி; அந்தக் கேசட்டில் பதிவாகியிருந்தது. காலுறையில் செய்த ஆந்தை. ஒரு கண் கோட்டுப் பொத்தான். கடைசியில் ஒரு விடுகதை போடும். வீட்டுப் பிள்ளைகள் பதில் சொல்லட்டும் என்று தலையைச் சாய்த்துக் கொஞ்சம் காத்திருக்கும். பிறகு, "சபாஷ்! போயிட்டு வரேன் கண்ணுங்களா!" அவ்வளவுதான், திரை இருண்டுவிடும். திக்குவாய்த் தம்பி முதல் எழுத்திலேயே நின்றிருப்பான். அவன் சொல்ல வந்ததை மற்றவர்கள் முடித்துவைப்பார்கள். அக்கா ஒருத்திதான், "மெதுவா சொல்லுடா" என்று காத்திருப்பாள்.

பெல்ட் வாங்கப் போனவனை லாரி அடித்துப் போட்டது.

டெக்கை அவள் தொடவில்லை. தூசி மட்டும் படிந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை, மருந்துக்கடை வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது, பூட்டிக் கிடந்த வீட்டின் புழுக்கத்தோடு டிவி ரிப்பேர் பார்த்த அவன் சட்டையில் எப்போதும் ஒட்டியிருக்கும் ஈயப் பற்றவைப்புப் புகை வாசனையும் வந்தது. கூடத்துச் சுவரில் நீல வெளிச்சம் நடுங்கிக்கொண்டிருந்தது.

டிவியில் ஆந்தை.

"கூடவே வரும், கூப்பிட்டாப் பேசாது. அது என்ன?"

தலையைச் சாய்த்தது. காத்திருந்தது. அவள் சோபாவின் தன் ஓரத்தில் உட்கார்ந்தாள். கால்கள் தாமாக அங்கே கொண்டுபோய்விட்டன.

சபாஷ் வரவில்லை. மழை விட்டது. ஓடு சொட்டுவதும் நின்றது. ஆந்தை இன்னும் காத்திருந்தது. பொத்தான் கண் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்து இடத்தைப் பார்த்தது.

"அவசரமில்ல கண்ணு. மெதுவா சொல்லு."

சோபா அமுங்கியது.

"நி..."

அவள் திரும்பவில்லை.

"நி... நி..."

கன்னத்தில் குளிர்ந்த மூச்சு. அவளுக்குப் பதில் தெரியும். அவன் சொல்லி முடித்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். சபாஷ். போயிட்டு வரேன். இருட்டு.

வாழ்நாளில் முதல்முறையாக அவனை நிறுத்தச் சொன்னாள்.

"சொல்லாதேடா. கண்ணு, சொல்லிடாதே."

"நி... நி... நி..."

பக்கச் சுவரில் அவள் நிழல். அதை ஒட்டி இன்னொன்று. அதன் வாய் திறந்தது, மூடியது, திறந்தது.

அவள் கண்ணைத் தாழ்த்தினாள். மூடியில்லாத டெக்குக்குள் கேசட் அசையாமல் கிடந்தது. பெல்ட் இருக்க வேண்டிய இடம், அவன் விட்டுப்போனபடியே, வெறுமையாக இருந்தது.