கப்பல் கதவு

டங். டங். சற்று விட்டு, டங்.

ஜெயசீலனின் கையிலிருந்த காபி தளும்பியது. மதியம் மூன்று மணி, கரண்ட் இல்லை. அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும்போது ஜன்னல் கம்பிகள் அதிரும், அது பழகிய சத்தம். இது இரும்பை இரும்பால் தட்டுகிற சத்தம்.

"கேட்டைத் தட்டுறாங்க சார்," என்று சமையற்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு போனாள் பொன்னாயி.

கேட்டுக்கு வெளியே தோள்பையோடு ஒரு பெண் நின்றாள்.

"நான் தட்டலையே. இப்பத்தான் ஆட்டோல வந்து இறங்குறேன். அனுசுயாங்க, சென்னை. பழைய போர்க்கப்பல் பத்தி ஆராய்ச்சி பண்றேன்னு போன்ல சொன்னேனே சார்."

"கதவைக் காட்ட முடியாதுன்னு நானும் சொன்னேனேம்மா."

"இம்புட்டு தூரம் வந்திருக்கு. பாத்துட்டுப் போவட்டுமே சார்," என்ற பொன்னாயி, அவளைக் கொல்லைக்குக் கூட்டிப்போயே விட்டாள். ஜெயசீலன் பின்னால் நடந்தார். சத்தம் கொல்லையிலிருந்து வந்தது அவருக்குத் தெரியும்.

கதவு சுவரில் சாய்ந்து நின்றது. ஆள் உயரம், விளிம்பு முழுக்க ஆணித்தலைகள். ஐந்து வருடத்துக்கு முன்புவரை அது சுண்ணாம்புச் சூளையில் சாம்பல் அறைக்குக் கதவு. ஜெயசீலன் அங்கே மேஸ்திரி. சாம்பல் அள்ள உள்ளே போன பொன்னாயியின் புருஷன் ராசாங்கம் புகையில் செத்துப்போனான். ஆள் வெளியேறிவிட்டான் என்று நினைத்துப் பூட்டியதாகவும், சத்தம் எதுவும் கேட்கவில்லை என்றும் மேஸ்திரி எழுதிக்கொடுத்தார். உள்பக்கம் கடப்பாரை குத்திய பள்ளங்களைச் சுண்ணாம்பு பூசி மறைத்தவரும் அவரே. சூளையை மூடியதும் கதவைப் பழைய இரும்பாக வாங்கி, அந்தப் பக்கம் சுவரைப் பார்க்க நிறுத்தினார். பொன்னாயிக்கு வீட்டில் வேலை கொடுத்தார். புண்ணியவான் என்று அவள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அனுசுயா ஆணித்தலைகளைத் தடவினாள்.

"இந்தக் கதவு இருந்த கப்பல் நூத்தம்பது வருசத்துக்கு முன்னாடி இங்கிலாந்துல கட்டினது. உடம்பு முழுக்க இரும்புக் கவசம், பெரிய பெரிய பீரங்கி. ஆனா ஒரு சண்டைகூடப் போடலை. பம்பாயைக் காவல் காத்தே துருப்பிடிச்சுது."

"எங்க தெரு தண்ணி டேங்க் மாதிரின்னு சொல்லு. கட்டுனதோட சரி," என்று சிரித்தாள் பொன்னாயி.

"ஒருநாள் மூடுபனியில வேற கப்பல் வந்து இடிச்சிடுச்சு. தண்ணி ஏறக்கூடாதுன்னு இந்தக் கதவை மூடிட்டாங்க. உள்ள பாய்லருக்குக் கரி போடுறவங்க பதினோரு பேர். கப்பல் பொழச்சுது. அது கொன்னது சொந்த ஆளுங்களை மட்டும்தான். கடைசியில கரிக் கிடங்கா நின்னு, உடைச்சு வித்துட்டாங்க."

பொன்னாயியின் சிரிப்பு நின்றது. "உள்ளேருந்து தட்டியிருப்பாங்களே."

"கதவுகிட்ட நின்ன ஆபீசர், சத்தம் எதுவும் கேக்கலைன்னு எழுதி வச்சிருக்காரு."

சிமென்ட் தூசி படிந்த முருங்கை இலை ஒன்றுகூட அசையவில்லை, ஆனால் எங்கிருந்தோ உப்பும் பாசியும் கலந்த கடல் வாடை வந்தது, அதற்கு அடியில் ஈரக்கரி புகையும் நெடி, அதற்கும் அடியில் ஜெயசீலனுக்கு நன்றாகத் தெரிந்த வெந்த சுண்ணாம்பின் காரம். கதவின் கீழே மண் கறுத்து நனைந்திருந்தது. ராசாங்கம் செத்த அன்றைக்குச் சூளை பற்றிக்கொண்ட நேரம். கதவைத் திறந்தால் காற்று புகுந்து, வேகிற மொத்தக் கல்லும் பாழ். தாழ்ப்பாளில் வைத்த கை அப்படியே நின்றது.

"திருப்பி உள்பக்கம் ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா சார்?"

"வேண்டாம்."

அவசரமாகச் சொல்லிவிட்டார். பொன்னாயி திரும்பிப் பார்த்தாள்.

டங்.

அனுசுயா பின்வாங்கினாள். சுவருக்கும் கதவுக்கும் நடுவே ஒரு பூனை நுழைய இடமில்லை.

இரும்பு புடைத்தது. அவர்கள் பக்கமாக. ஒரு கைமுட்டி அளவு.

பக்கத்தில் இன்னொன்று. மேலே ஒன்று. கீழே.

பதினொன்று.

அமைதி. மண்ணில் தண்ணீர் சொட்டியது.

இடுப்பு உயரத்தில், தனியாக, பன்னிரண்டாவது புடைப்பு மெல்ல எழுந்தது. டங். டங். சற்று விட்டு, டங்.

பொன்னாயி கதவைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெயசீலனின் உதடுகள் தாமாக அசைந்தன.

"அன்னைக்கும் இப்படித்தான்... அரை மணி நேரம் தட்டுனான் பொன்னாயி."